நீலக் கதிரின் கதை - ப்ளூ-ரே பிளேயர் விலை குறைந்து, சத்தமும் அடங்கிய வரலாறு

வீட்டில் படம் பார்க்க ஒரு ப்ளூ-ரே பிளேயர் வாங்கப் போகிறவர் மனதில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் இருக்கும். கொடுக்கிற காசுக்குத் தகுந்த பொருளா? ஓடும்போது சத்தம் போடாமல் இருக்குமா? முதல் கேள்வி எல்லாப் பொருளுக்கும் உண்டு. இரண்டாவது கேள்வி சற்று விசித்திரமானது. பாட்டும் சண்டையும் வெடிச்சத்தமும் நிறைந்த படத்தைப் போட்டுக் காட்டும் ஒரு பெட்டி சத்தம் போட்டால் என்ன என்று தோன்றலாம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல், படத்தில் இருவர் மெதுவாகப் பேசிக் கொள்ளும் காட்சியில், டிவிக்குக் கீழே இருந்து ஒரு விசிறி "உய்ங்ங்" என்று இரைந்தால் அதன் எரிச்சல் புரியும்.

இந்த இரண்டு கேள்விகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் அவற்றின் வரலாறு ஒன்றுதான். எந்தக் காரணத்தால் விலை குறைந்ததோ, அதே காரணத்தால்தான் சத்தமும் குறைந்தது. அது எப்படி என்று இக்கட்டுரையில் பார்க்கலாம்.

டேப்பில் இருந்து டிவிடி வரை

வீட்டில் படம் பார்க்கும் பழக்கத்தைப் பெரிதாக்கியவை ஒளிநாடாக்கள். சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமேக்ஸையும், ஜேவிசி நிறுவனம் 1976-இல் விஎச்எஸ்ஸையும் கொண்டு வந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாதவை. பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த போட்டியில் விஎச்எஸ் வென்றது. தமிழ்நாட்டில் விசேஷ நாட்களில் "டெக்" வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு இந்தக் கேசட்டுகள் நன்றாகவே நினைவிருக்கும்.

1982-இல் ஒலிக் குறுந்தகடு வந்தது. நாடா போய் வட்டு வந்தது. ஊசி எதுவும் தொடாமல், லேசர் ஒளி வட்டில் உள்ள நுண்ணிய பள்ளங்களைப் படித்தது. குறுந்தகட்டுக்குப் பயன்பட்டது 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு லேசர். 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997-இல் அமெரிக்காவிலும் வந்த டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பயன்படுத்தியது. அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளியைச் சிறிதாக்கலாம். புள்ளி சிறிதானால் தடங்களை நெருக்கி வைக்கலாம். குறுந்தகட்டில் 1.6 மைக்ரோமீட்டராக இருந்த தட இடைவெளி டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டராகச் சுருங்கியது இப்படித்தான். ஒரே 12 சென்டிமீட்டர் வட்டில் 4.7 ஜிகாபைட் அடங்கியது.

அடுத்த படி என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. சிவப்புக்கு அடுத்து நீலம். ஆனால் நீல லேசரை உருவாக்க யாராலும் முடியவில்லை!

நீல ஒளிக்காக ஒரு போராட்டம்

ஜப்பானின் தோகுஷிமா மாவட்டத்தில் நிச்சியா என்றொரு நிறுவனம் இருந்தது. டிவி திரைக்கும் குழல் விளக்குக்கும் பூசும் ஒளிர்பொருள் தயாரிப்பதுதான் அதன் தொழில். அங்கே 1979-இல் வேலைக்குச் சேர்ந்தவர் ஷூஜி நகமுரா. நீல ஒளி தரும் டையோடை உருவாக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, நிறுவனர் நோபுவோ ஒகாவா பெருந்தொகை ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் உலகின் பெரிய ஆய்வகங்கள் பலவும் துத்தநாக செலினைடு என்ற பொருளையே நம்பியிருந்தன. நகமுரா தேர்ந்தெடுத்ததோ காலியம் நைட்ரைடு. நல்ல படிகமாக வளராது என்று பலரும் கைவிட்ட பொருள் அது. நகோயாவில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் அதே பொருளில் ஏற்கெனவே முக்கியமான தடைகளைத் தாண்டியிருந்தார்கள். நகமுரா தன் படிக வளர்ப்புக் கருவியைத் தானே பிரித்து மாற்றி அமைத்து உழைத்தார். 1993-இல் பிரகாசமான நீல எல்இடி வெளிவந்தது. 1995 இறுதியில் நீல ஊதா லேசரும் ஒளிர்ந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்காக நிறுவனம் அவருக்குக் கொடுத்த ஊக்கத்தொகை 20,000 யென் மட்டுமே என்று பரவலாக எழுதப்பட்டது. நிறுவனத்தை விட்டு விலகி அமெரிக்கா சென்ற நகமுரா, 2001-இல் வழக்குத் தொடுத்தார். 2004 ஜனவரியில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2000 கோடி யென் கொடுக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டில், 2005 ஜனவரியில், சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. தொழிலாளியின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று ஜப்பான் முழுவதும் விவாதிக்க வைத்த வழக்கு அது. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு நீல எல்இடிக்குத்தான் என்றாலும், ப்ளூ-ரே பிளேயருக்குள் இருக்கும் சிறு லேசரும் அதே காலியம் நைட்ரைடின் குழந்தைதான்.

ஒரே லேசர், இரண்டு வட்டுகள்

2002 பிப்ரவரி 19 அன்று சோனி, மட்சுஷிதா (பின்னாளில் பானசோனிக்), பிலிப்ஸ், சாம்சங், எல்ஜி, ஹிட்டாச்சி, பயனியர், ஷார்ப், தாம்சன் ஆகிய ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து ப்ளூ-ரே வட்டை அறிவித்தன. ஆங்கிலத்தில் நீலத்தைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டே இந்தப் பெயரை எழுதுகிறார்கள். பொதுச் சொல்லை வணிகப் பெயராகப் பதிவு செய்ய முடியாது என்பதே அதற்குக் காரணம்.

405 நானோமீட்டர் லேசர், 0.32 மைக்ரோமீட்டர் தட இடைவெளி, ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட், இரண்டு அடுக்கில் 50 ஜிகாபைட். இதைச் சாதிக்க அவர்கள் ஒரு துணிச்சலான மாற்றம் செய்தார்கள். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பில் இருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். ப்ளூ-ரேயில் அது வெறும் 0.1 மில்லிமீட்டர். கீறல் விழுந்தால் அதோகதிதான். அதனால் ஆரம்பத்தில் வட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே விற்றார்கள். பிறகு டிடிகே நிறுவனம் கடினமான மேற்பூச்சை உருவாக்கியதும் உறை தேவையில்லாமல் போனது.

தோஷிபாவும் என்இசியும் வேறு வழியில் சென்றன. லேசர் அதே நீலம்தான், ஆனால் அடுக்கின் ஆழம் டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர். பெயர் எச்டி டிவிடி. கொள்ளளவு அடுக்குக்கு 15 ஜிகாபைட். இடம் குறைவு, ஆனால் ஏற்கெனவே உள்ள டிவிடி ஆலைகளைச் சிறிது மாற்றினாலே வட்டுகளை அச்சிடலாம். அதாவது ஒரு பக்கம் கொள்ளளவு, இன்னொரு பக்கம் சிக்கனம். இரண்டிலும் நியாயம் இருந்தது. 2005-இல் இரு தரப்பும் ஒரே வடிவத்துக்கு வர முயன்று பேசிப் பார்த்தன. பேச்சு முறிந்தது. பீட்டாமேக்ஸ் காலத்துச் சண்டை மறுபடியும் தொடங்கியது.

முதல் பிளேயர்கள்: பெட்டிக்குள் ஒரு கணினி

ப்ளூ-ரே வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது பிளேயர் அல்ல, ரெக்கார்டர். 2003 ஏப்ரலில் சோனி ஜப்பானில் விற்ற அந்தக் கருவியின் விலை 4,50,000 யென்! அச்சிட்ட படங்கள் அதற்கு இல்லை, டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய மட்டுமே பயன்பட்டது.

அமெரிக்காவில் 2006 ஏப்ரலில் தோஷிபாவின் எச்டி-ஏ1 என்ற எச்டி டிவிடி பிளேயர் 499 டாலருக்கு வந்தது. அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. உள்ளே இருந்தது ஒரு முழுக் கணினி! இன்டெல் பென்டியம் 4 செயலி, ஒரு ஜிகாபைட் நினைவகம், அவற்றைக் குளிர்விக்க விசிறி. பொத்தானை அழுத்தினால் தயாராவதற்கே ஒரு நிமிடம் போலப் பிடித்தது. பாகங்களின் விலையைக் கணக்கிட்ட ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், 499 டாலருக்கு விற்கும் பொருளுக்கு 670 டாலருக்கு மேல் செலவாகிறது என்று மதிப்பிட்டது. ஜூன் மாதம் வந்த சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயரின் விலையோ சுமார் 1000 டாலர்.

ஏன் இவ்வளவு செலவு? முழு எச்டி படத்தில் ஒரு பிரேமுக்கு 1920 x 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். அமெரிக்க டிவிடியில் இருப்பதைப் போல ஆறு மடங்கு. அவற்றை மிகவும் சுருக்கி வட்டில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நொடியும் அதைப் பிரித்து விரிப்பதற்கான சிக்கனமான சில்லுகள் அப்போது சந்தைக்கு வந்திருக்கவில்லை. இது போதாதென்று ப்ளூ-ரேயின் மெனு ஜாவா நிரலில் எழுதப்பட்டது. எல்லாவற்றையும் செய்ய நிறைய சில்லுகள், நிறைய மின்சாரம், நிறைய வெப்பம். வெப்பம் இருந்தால் விசிறி வேண்டும். விசிறி இருந்தால் இரைச்சல். அக்காலத்து பிளேயர்களின் விலையும் சத்தமும் ஒரே இடத்தில் இருந்து பிறந்தவை என்பது இதிலிருந்து விளங்கும்.

2006 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 இதற்கு இன்னொரு உதாரணம். விளையாட்டுக் கருவியாக இருந்தாலும் அது நல்ல ப்ளூ-ரே பிளேயரும் கூட. விலை 499 மற்றும் 599 டாலர். தனி பிளேயர்களை விட மலிவு! 499 டாலர் மாடலுக்கே 800 டாலருக்கு மேல் செலவாகிறது என்று ஐசப்ளை கணக்கிட்டது. படம் பார்ப்பதற்காக அதை வாங்கியவர்கள் கொடுத்த மறைமுக விலை மின்சாரமும் சத்தமும்தான். முதல் மாடல் 170 முதல் 200 வாட் வரை எடுத்துக் கொண்டது. பெரிய விசிறி ஒன்று உள்ளே சுழன்றது. நீல லேசர் டையோடு போதுமான அளவு கிடைக்காததால் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப் போனது என்பதும் குறிப்பிடத்தக்கது.

போர் முடிந்தது, யார் நஷ்டப்பட்டார்கள்?

டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி பிக்சர்ஸ் ஆகியவை ப்ளூ-ரே பக்கம். யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். வார்னரும் பாரமவுண்டும் இரண்டிலும் கால் வைத்தன. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் முழுவதுமாக எச்டி டிவிடி பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 2-இல் வால்மார்ட் கடைகளில் தோஷிபாவின் எச்டி-ஏ2 பிளேயர் 98 டாலருக்கு விற்கப்பட்டது. ஒன்றரை ஆண்டில் 499-இல் இருந்து 98! மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள்.

2008 ஜனவரி 4 அன்று வார்னர் நிறுவனம் இனி ப்ளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. அதன் பிறகு சீட்டுக்கட்டு சரிந்தது போல எல்லாம் சரிந்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸும் வால்மார்ட்டும் எச்டி டிவிடியைக் கைவிட்டன. பிப்ரவரி 19 அன்று தோஷிபா தோல்வியை ஒப்புக் கொண்டது. ப்ளூ-ரே அறிவிக்கப்பட்டு சரியாக ஆறு ஆண்டுகள் முடிந்த நாள் அது!

98 டாலருக்கு வாங்கியவரின் பிளேயர் மூன்றரை மாதத்தில் அநாதையானது. பெஸ்ட் பை என்ற கடை தன்னிடம் எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. அதுவும் இல்லாதவர்களுக்கு, பழைய டிவிடிகளையாவது அதில் போட்டுப் பார்க்கலாம் என்பது மட்டுமே ஆறுதல். தோஷிபாவே 2009-இல் ப்ளூ-ரே சங்கத்தில் சேர்ந்து ப்ளூ-ரே பிளேயர் தயாரிக்க ஆரம்பித்தது. நிறுவனங்கள் கட்சி மாறலாம். வாங்கியவரின் அலமாரியில் இருக்கும் வட்டுகள் மாற முடியாது. விலை குறைவு என்பது மட்டுமே மலிவு ஆகாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

வென்றவர்கள் பக்கத்திலும் முன்னோடி வாடிக்கையாளர்களுக்குச் சிறு வருத்தம் இருந்தது. முதல் பிளேயர்கள் 1.0 விதிமுறையில் வந்தவை. பிறகு 1.1, பிறகு இணைய இணைப்புடன் 2.0 என்று விதிமுறைகள் மாறின. பழைய பிளேயரில் படம் ஓடும், ஆனால் புதிய வட்டில் உள்ள கூடுதல் வசதிகள் பல வேலை செய்யாது.

சில்லு சுருங்கியது, விசிறி நின்றது

2008-க்குப் பிறகு மாற்றம் வேகமாக நடந்தது. பல சில்லுகள் செய்த வேலையை ஒரே சில்லு செய்யத் தொடங்கியது. சில்லு உற்பத்தி நுணுக்கம் வளர வளர அதே வேலைக்கு மின்சாரம் குறைவாகவே தேவைப்பட்டது. 2009 செப்டம்பரில் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 3-இல் செயலி 90 நானோமீட்டரில் இருந்து 45 நானோமீட்டர் நுட்பத்துக்கு மாறியிருந்தது. விலையும் 299 டாலராகக் குறைந்தது. அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் சில தனி பிளேயர்கள் 100 டாலருக்கும் கீழே வந்துவிட்டன.

பிற்காலத்துச் சாதாரண பிளேயர்கள் பல 20 வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக் கொண்டன. அவ்வளவு குறைந்த வெப்பத்தை வெளியேற்றப் பெட்டியின் துளைகளே போதும். விசிறியை எடுத்துவிட்டார்கள். ஒரு பாகம் மிச்சம், அதன் விலை மிச்சம், அதன் சத்தமும் மிச்சம். மலிவானது அமைதியாகவும் இருந்தது இப்படித்தான்.

ஆனால் ஒரு சத்தம் மட்டும் முழுவதும் போகவில்லை. அது வட்டு சுழலும் சத்தம். டிவிடி தன் உள்விளிம்பில் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று சுற்றும். ப்ளூ-ரே படத்துக்குத் தேவையான வேகத்தில் அதே இடத்தில் சுமார் 2900 சுற்று. ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் படத்தின் தொடக்கத்தில்தான் சுழற்சி மிக வேகம். 2016-இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேயில் நொடிக்கு 128 மெகாபிட் வரை தகவல் வேண்டும் என்பதால் சுழற்சி இன்னும் கூடியது. இதை அடக்குவது சில்லின் வேலை அல்ல. கனமான அடித்தகடு, நல்ல மோட்டார், அதிர்வு தாங்கும் ரப்பர், இறுக்கமாக மூடும் வட்டுத் தட்டு ஆகியவற்றின் வேலை. விலை உயர்ந்த பிளேயருக்கும் மலிவான பிளேயருக்கும் காதுக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் மிஞ்சியது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

இந்த வரலாற்றில் இருந்து சில நடைமுறைப் பாடங்கள் கிடைக்கின்றன.

1. பின்பக்கம் பார்க்க வேண்டும். விசிறிக்கான வட்டமான கம்பி வலை இருக்கிறதா? முழு எச்டி ப்ளூ-ரேக்கு மட்டும் என்றால் விசிறி இல்லாததே போதும். 4கே பிளேயரில் விசிறி இருக்கலாம், அது எப்போது சுழல்கிறது என்று கேட்க வேண்டும்.

2. கடையில் சோதிக்கும்போது ஒலியை நிறுத்திவிட்டு, படத்தின் முதல் சில நிமிடங்களை ஓட விட வேண்டும். வட்டு வேகமாகச் சுழலும் நேரம் அதுதான். வாங்குபவர் தனக்குத் தெரிந்த, கீறல் இல்லாத வட்டையே கொண்டு போவது நல்லது. சமநிலை இல்லாத வட்டு நல்ல பிளேயரையும் அதிர வைக்கும்.

3. மண்டல எண் முக்கியம். இந்தியாவும் இலங்கையும் ப்ளூ-ரேயின் சி மண்டலத்தில் உள்ளன. சிங்கப்பூரும் மலேசியாவும் அமெரிக்காவைப் போல ஏ மண்டலம். ஐரோப்பா பி மண்டலம். சிங்கப்பூரில் இருந்து உறவினர் வாங்கி வரும் பிளேயரில், சி மண்டலத்துக்கு மட்டும் பூட்டிய வட்டு ஓடாது. எல்லா மண்டலத்துக்கும் பொதுவான வட்டுகளும் உண்டு, அவற்றுக்குச் சிக்கல் இல்லை. அல்ட்ரா எச்டி வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது.

4. பழைய டிவி வைத்திருப்பவர் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகல் தடுப்பு உரிம விதிகளின்படி 2013-க்குப் பிறகு தயாரான பிளேயர்களில் பழைய அனலாக் வீடியோ இணைப்பு கிடையாது. வீட்டில் விசிடிகள் நிறைய இருந்தால், அவை ஓடுமா என்று கையேட்டில் பார்த்துக் கொள்வது நல்லது.

5. பழைய பிளேயர் வாங்கினால் அதன் மென்பொருளைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய வட்டுகளின் பூட்டைத் திறக்கும் சாவிகள் அவ்வப்போது மாறும்.

6. அமைதியான பிளேயரையும் மூடிய அலமாரிக்குள் அடைத்தால் சூடேறும். மேலே எதையும் வைக்காமல் காற்றோட்டம் விட்டாலே ஆயுள் கூடும். மெல்லிய பலகை மீது வைத்தால் அதிர்வு பெரிதாகக் கேட்கும். கனமான, ஆடாத இடமே சிறந்தது.

வெற்றிக்குப் பிறகு

எச்டி டிவிடியை வென்ற ப்ளூ-ரே, அடுத்து வந்த எதிரியை வெல்லவில்லை. அந்த எதிரி இன்னொரு வட்டு அல்ல, இணையம். 2018-இல் ஓப்போ நிறுவனம் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. 2019-இல் சாம்சங் அமெரிக்காவில் புதிய பிளேயர்கள் கிடையாது என்றது. 2023 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தபாலில் வட்டு அனுப்புவதை நிறுத்தியது. 2024-இல் பெஸ்ட் பை கடைகளில் பட வட்டுகள் மறைந்தன. 2025 பிப்ரவரியில் சோனி, பதிவு செய்யும் ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை முடித்துக் கொண்டது.

இதனால் ஒரு புதிய கேள்வி எழுகிறது. இணையத்தில் காசு கட்டிப் பார்க்கும் படம், ஒப்பந்தம் முடிந்தால் ஒரு நாள் காணாமல் போகலாம். அலமாரியில் இருக்கும் வட்டை யாரும் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் படிக்கக் கருவி இல்லாத வட்டு வெறும் பிளாஸ்டிக்தான். கடைசி விஎச்எஸ் ரெக்கார்டர்களைத் தயாரித்த ஃபுனாய் நிறுவனம் 2016-இல் அதை நிறுத்திய பிறகு, தங்கள் திருமண கேசட்டைப் போட்டுப் பார்க்க வழியில்லாமல் நிற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே இன்று ஒரு பிளேயர் வாங்குவது என்பது, ஏற்கெனவே வாங்கிச் சேர்த்த படங்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டு உயிர் கொடுப்பது என்ற முடிவும் கூட. விசிறி இல்லாத, கனமான, மென்பொருள் புதுப்பித்த ஒரு சாதாரண பிளேயர் இதற்குப் போதும். ஒரு பொறியாளர் யாரும் நம்பாத படிகத்தை வளர்த்ததும், பெரிய நிறுவனங்கள் மோதி ஓய்ந்ததும், ஏராளமானோர் தோற்ற பக்கத்தில் காசைப் போட்டு இழந்ததும் எல்லாம் சேர்ந்துதான், அந்தப் பெட்டி சத்தமில்லாமல், சகாய விலைக்கு வீடு வந்து சேர்ந்திருக்கிறது. கிடைக்கும்போதே ஒன்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொள்வது, வட்டுகள் வைத்திருப்பவர்களுக்குப் புத்திசாலித்தனம்.